சாதிச் சான்று பீரோவில் இருக்கட்டும்: காரைக்குடிப் பக்கத்துப் பெற்றோர் பள்ளிக்கூடத்தைப் பற்றி அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. கல்லல், காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பள்ளிகளில்தான் என் வேலைக்காலம் முழுக்கப் போனது. இப்போது ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பிள்ளைகளின் படிப்பு விஷயமாக வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிக் கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

டீச்சர், சட்டத்தில் "இனம்" என்று ஒரு வார்த்தை வருகிறது, "சாதி" என்று ஒன்று வருகிறது. இரண்டும் ஒன்றா?

இல்லை. அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என்று ஐந்தையும் தனித்தனியாகச் சொல்கிறது. இவற்றை மட்டும் காரணமாக வைத்து அரசு யாரிடமும் பாகுபாடு காட்டக் கூடாது. 29(2) பிரிவு பள்ளிக்கூடத்துக்கு இன்னும் நெருக்கமானது. அரசு நடத்தும் பள்ளியிலும், அரசுப் பணம் வாங்கும் பள்ளியிலும் மதம், இனம், சாதி, மொழி காரணமாக யாருக்கும் இடம் மறுக்கக் கூடாது என்கிறது.

அமெரிக்காவில் இருக்கும் பேரப்பிள்ளைகள் இதைக் கேட்பதாக ஓர் ஆச்சி சொன்னார். அங்கே கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப்பள்ளி வைப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954-இல் சொன்னது. அதே நீதிமன்றம்தான் 2023-இல், கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றும் சொன்னது. அங்கே அந்த விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நிறம் கண்ணுக்குத் தெரியும், சாதி தெரியாது. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த முப்பது பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினால் யார் எந்தத் தெரு என்று யாராலும் சொல்ல முடியாது. பிறகு எப்படித் தெரிகிறது? யாராவது கேட்கிறார்கள், அல்லது பள்ளிக்கூடத்துக் காகிதத்திலிருந்து வெளியே வருகிறது. பிள்ளைக்கு உரிமை வாங்கித் தரும் அதே சாதிச் சான்றுதான், கவனமில்லாமல் கையாண்டால் பிள்ளையைக் காட்டிக்கொடுக்கவும் செய்கிறது. இதற்குக் கீழே நான் சொல்வதில் பாதி இந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான்.

செட்டிநாடு படிப்புக்குப் பேர் போன ஊராச்சே. இங்கே எங்கே பாகுபாடு?

பேர் போனது உண்மை. வள்ளல் அழகப்பர் 1947-இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் இங்கே வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அந்தக் கல்லூரிகளில் படித்து முதல் தலைமுறைப் பட்டதாரியானவர்கள் எல்லாச் சாதியிலும் இருக்கிறார்கள். என் வகுப்புத் தோழிகளிலும் உண்டு.

இன்னொரு உண்மையும் இதே மண்ணில் இருக்கிறது. அப்போது இது இராமநாதபுரம் மாவட்டம். 1930 டிசம்பரில் இந்த மாவட்டத்து ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்கள் மேல் எட்டுத் தடைகள் போட்டார்கள். தங்கம், வெள்ளி நகை போடக்கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக்கூடாது என்று போனது பட்டியல். 1931 ஜூனில் அது பதினொன்றாக ஆனது. அதில் இரண்டு, அவர்கள் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது, மிராசுதாரரின் மாடு மேய்க்க மட்டுமே போக வேண்டும் என்பவை. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் இதையெல்லாம் தன் நூலில் எழுதி வைத்திருக்கிறார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தத் தடையைச் சின்னப் பையனாக இருந்து கேட்டவரின் பேரப்பிள்ளைகள்தான் நான் பாடம் நடத்திய பிள்ளைகள். "எங்க அப்பா காலத்துல பள்ளிக்கூடத்து வாசல்ல நின்னுதான் கேட்டாராம்" என்று ஒரு பெரியவர் என் திண்ணையில் உட்கார்ந்து சொன்னபோது, எனக்கு மறுபேச்சு வரவில்லை.

தடுத்தவர்கள் இருந்த அதே காலத்தில் திறந்து விட்டவர்களும் இருந்தார்கள். பக்கத்துச் சிராவயலில், பின்னாளில் பொதுவுடைமைத் தலைவரான ஜீவானந்தம் ஆசிரமம் நடத்தினார். 1927-இல் காந்தி அங்கே வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போனார்.

இட ஒதுக்கீடு எப்போது, எப்படி வந்தது? இன்னும் எதற்கு?

சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி ஆணை 1920களிலேயே வந்துவிட்டது. கல்லூரியில் பதினான்கு இடம் என்றால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அரிசனங்களுக்கு 2, கிறித்தவருக்கு 1, முஸ்லிமுக்கு 1 என்று பின்னாளில் பிரித்திருந்தார்கள். செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. தமிழ்நாட்டில் பெரிய எதிர்ப்பு எழுந்தது. அதே வருஷம் ஜூனில் அரசியலமைப்புக்கு முதல் திருத்தம் வந்து, பிற்பட்டோருக்கு அரசு தனி ஏற்பாடு செய்ய இடம் தரும் 15(4) சேர்ந்தது. நாட்டின் முதல் திருத்தத்துக்கு நம் மாநிலத்துக் கல்லூரி இடம்தான் ஒரு காரணம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

இன்றைய கணக்கு 69 சதவீதம். பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, ஆதிதிராவிடருக்கு 15, அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1. 1993-இல் சட்டமாக்கி, 1994-இல் அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்தார்கள்.

இன்னும் எதற்கு என்பதற்கு, மேலே 1931 பற்றி எழுதியதே என் பதில்.

பதினோராம் வகுப்பில் ஃபர்ஸ்ட் குரூப் கேட்டால், "உன் பிள்ளைக்கு அது வராது, தொழிற்பிரிவு எடு" என்கிறார்கள். இதற்கும் ஒதுக்கீடு உண்டா?

உண்டு. அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் பதினோராம் வகுப்புச் சேர்க்கையில் இட ஒதுக்கீட்டைப் பின்பற்ற வேண்டும். இது பல பெற்றோருக்குத் தெரியாது. எந்தக் குரூப்பில் எத்தனை இடம், யாருக்கு எத்தனை, யார் யார் சேர்ந்தார்கள் என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். எழுதிக் கேளுங்கள். அரசுப் பள்ளி என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டியும் கேட்கலாம். "வராது" என்ற ஒரு சொல்லில் பொறியியலும் மருத்துவமும் மூடிப்போகின்றன. அந்தச் சொல் எந்தத் தெருப் பிள்ளைகளிடம் அதிகம் சொல்லப்பட்டது என்பதை வகுப்பறையில் இருந்து பார்த்தவள் நான்.

வகுப்பில் ஸ்காலர்ஷிப் பட்டியலை எல்லோருக்கும் முன்னால் வாசிக்கிறார்கள். பிள்ளை வீட்டுக்கு வந்து அழுகிறாள். இது தப்பா, வழக்கமா?

வழக்கமும்தான், தப்பும்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பள்ளியில் பார்த்தேன். ஏழாம் வகுப்பு, மதியச் சாப்பாடு முடிந்த நேரம். ஆசிரியர் பதிவேட்டைப் பிரித்து, "எஸ்.சி. பிள்ளைகள் எல்லாம் எந்திரிங்க" என்றார். ஒன்பது பேர் எழுந்தார்கள். பத்தாவதாக ஒரு பெண் எழுந்திருக்கவில்லை. அவள் அந்த வருஷம்தான் வேறு ஊரிலிருந்து வந்து சேர்ந்தவள். யாருக்கும் எதுவும் தெரியாது. ஆசிரியர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே எழுந்து நின்றாள். மறுநாள் மதியம் அவளோடு சேர்ந்து டப்பாவைத் திறக்கும் இரண்டு பிள்ளைகள் வேறு மரத்தடிக்குப் போய்விட்டார்கள். அந்த ஆசிரியர் கெட்டவர் கிடையாது. உதவித்தொகை விடுபடக் கூடாது என்றுதான் வாசித்தார். நானும் அன்று வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்கு நான் இன்றும் வருந்துகிறேன்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அரசு, நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அமைத்தது. குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக் கூடாது, ஆசிரியர்கள் மாணவரைச் சாதியைக் குறித்துக் கூப்பிடக் கூடாது, உதவித்தொகை விவரத்தை வகுப்பில் அறிவிக்காமல் தலைமையாசிரியர் தனியாக அழைத்துச் சொல்ல வேண்டும், பெயரின் அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. பரிந்துரை என்பது தானாகவே சட்டம் ஆகிவிடாது. ஆனால் உங்கள் மனுவில் அதை எடுத்துக் காட்டலாம்.

கையில் கிடைத்த சட்டமும் ஒன்று உண்டு. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17, உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. தலைமையாசிரியரிடம் போய் இப்படிக் கேளுங்கள்: "சாதிச் சான்று ஆபீஸ் பீரோவில் இருக்கட்டும். வகுப்பில் வேண்டாம்."

எங்கள் பிள்ளைகளை மட்டும் கழிப்பறை கழுவச் சொல்கிறார்கள்.

இதில் யோசிக்க ஒன்றுமில்லை, உடனே புகார் கொடுங்கள். 2022-இல் ஈரோடு மாவட்டத்தில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததற்காக ஒரு தலைமையாசிரியை கைதானார்.

கூட்டுவது, கரும்பலகை துடைப்பது, தண்ணீர் பிடித்து வைப்பது எல்லாம் முறை வைத்து எல்லாப் பிள்ளைகளும் செய்தால் நல்ல பழக்கம். ஒரு வாரம் யார் யார் செய்தார்கள் என்று பிள்ளையிடம் கேட்டுத் தேதியோடு எழுதி வையுங்கள். துடைப்பம் எப்போதும் ஒரே தெருவுக்குப் போகிறதா, தண்ணீர்க் குடத்தைத் தொடும் வேலை எப்போதும் வேறு தெருவுக்குப் போகிறதா என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

கையில் கலர் கயிறு கட்டிக்கொண்டு வருகிறார்கள். என் பையனும் கேட்கிறான்.

கட்ட விடாதீர்கள், எந்தச் சாதியாக இருந்தாலும். 2019-லேயே கல்வித்துறை இதைக் கவனிக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. சந்துரு குழுவும் தடை செய்யச் சொன்னது. கோயில் கயிறு என்பார்கள். கோயில் கயிறுக்குத் தெருவாரியாக நிறம் மாறாது.

தனியார் பள்ளியில் 25 சதவீத இடம் என்கிறார்களே, அது யாருக்கு?

கல்வி உரிமைச் சட்டம் 12(1)(சி). எல்.கே.ஜி. அல்லது ஒன்றாம் வகுப்பில் நான்கில் ஒரு இடம். ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்பட்டோர், மிகவும் பிற்பட்டோர், ஆதரவற்றோர், மாற்றுத்திறன் பிள்ளைகள் "வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில்" வருவார்கள். மற்ற ஏழைகளுக்கு ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால் முன்னுரிமை. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இது கிடையாது, 2014-இல் வந்த தீர்ப்பு.

ஒரு கிலோமீட்டர் என்பது நம் பக்கம் பெரிய இடைஞ்சல். தனியார் பள்ளி இருப்பது டவுனில், காலனி இருப்பது ஊருக்கு வெளியே. இதை மாற்ற வேண்டும் என்று நான் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சேர்ந்த பிள்ளையைத் தனி செக்‌ஷனில் உட்கார வைக்கவோ, வேறு நேரத்தில் வகுப்பு எடுக்கவோ கூடாது. சேர்க்கைக்காகப் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைக்கக் கூடாது, நன்கொடையும் வாங்கக் கூடாது. வாங்கினால் வாங்கியதைப் போலப் பத்து மடங்கு வரை அபராதம்.

என் மகள் உதவி பெறும் பள்ளியில் படிக்கிறாள். 7.5 சதவீத ஒதுக்கீடு அவளுக்குக் கிடைக்குமா?

கிடைக்காது. நம் வட்டாரத்தில் இதைப் போல மனசை உடைக்கும் பதில் வேறு இல்லை.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 2020-லும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற படிப்புகளில் 2021-லும் 7.5 சதவீதம் கொடுத்தார்கள். கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. மிக நல்ல சட்டம். ஆனால் செட்டிநாட்டில் அறக்கட்டளைகள் கட்டிய பழைய பள்ளிகள் நிறைய. கல்தூணும் பெரிய கட்டடமுமாக இருப்பதால் வெளியூர்க்காரர் பணக்காரப் பள்ளி என்று நினைக்கலாம். உள்ளே உட்கார்ந்திருப்பது கொத்தனார் பிள்ளை, சமையல் வேலைக்குப் போகிற அம்மாவின் பிள்ளை, காலனிப் பிள்ளை. ஆசிரியர் சம்பளம் அரசுப் பணம், மதியச் சாப்பாடு அரசுச் சாப்பாடு. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் "நீங்கள் அரசுப் பள்ளி இல்லை" என்கிறார்கள். பல ஊர்களில் நடந்துபோகும் தூரத்தில் இருப்பதே அந்த ஒரு பள்ளிதான். ஏழைப் பிள்ளை அதைத் தேர்ந்தெடுத்துச் சேர்ந்தது என்று எப்படிச் சொல்ல முடியும்?

புதுமைப் பெண் திட்டம் இதற்கு ஒரு வழி காட்டியிருக்கிறது. 2022-இல் அரசுப் பள்ளிப் பெண்களுக்கு மட்டும் மாதம் 1,000 ரூபாய் என்று தொடங்கியதை, உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் பிறகு விரிவாக்கினார்கள். ஒதுக்கீட்டிலும் அப்படிச் செய்ய வேண்டும் என்பது என் கோரிக்கை. அதுவரை, அருகில் அரசுப் பள்ளி இருந்தால் ஆறாம் வகுப்பில் சேர்க்கும்போதே இதை யோசித்து முடிவெடுங்கள். ஒன்பதில் மாற்றினால் பயனில்லை.

சாதிச் சான்று வாங்க எங்கே போக வேண்டும்?

இ-சேவை மையத்தில் விண்ணப்பம். ஆதிதிராவிடர் என்றால் தாசில்தார் கொடுப்பார். பழங்குடி என்றால் வருவாய்க் கோட்ட அலுவலகம். காரைக்குடிக்காரர்களுக்குத் தேவகோட்டை. அலைச்சல் அதிகம் பழங்குடியினருக்குத்தான். காட்டுநாயக்கர் குடும்பங்கள் அப்பாவுக்குச் சான்று இருந்தும் பிள்ளைக்குக் கிடைக்காமல் அலைவதைப் பார்த்திருக்கிறேன். நரிக்குறவர், குருவிக்காரர் சமூகம் 2023-இல் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்தது. பழைய எம்.பி.சி. சான்றை வைத்திருப்பவர்கள் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.

மதம் மாறிய குடும்பங்கள் இதைக் கவனியுங்கள். ஆதிதிராவிடர் கிறித்தவராக மாறினால் பட்டியல் சாதி கிடையாது, பிற்பட்டோர் சான்றுதான். 1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை அப்படி. பிறகு சீக்கியரையும் பௌத்தரையும் சேர்த்தார்கள், கிறித்தவரைச் சேர்க்கவில்லை. மாநில அரசின் சில உதவித்தொகைகள் மட்டும் அவர்களுக்கும் உண்டு. கல்லறையில்கூடத் தனி இடம் ஒதுக்கப்பட்டவரிடம் "உனக்குச் சாதி இல்லை" என்று சட்டம் சொல்வது சரியில்லை. இதை நான் எங்கேயும் சொல்வேன்.

சாதியே எழுத வேண்டாம் என்றால்?

எழுதாமல் விடலாம். 1973-லேயே அரசாணை இருக்கிறது. பள்ளி கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் சான்று இல்லாமல் சலுகை இல்லை. முதல் தலைமுறையாகப் படிக்கும் வீடு என்றால், சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.

பள்ளியை மாற்ற டி.சி. கேட்டால் இழுத்தடிக்கிறார்கள்.

கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 5: எட்டாம் வகுப்பு வரை டி.சி.யை உடனே கொடுக்க வேண்டும். டி.சி. வரவில்லை என்று புதுப் பள்ளி சேர்க்கையை மறுக்கவும் கூடாது. கட்டணப் பாக்கியை டி.சி.யில் எழுதக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லிவிட்டது.

எப்போது வன்கொடுமைச் சட்டத்தில் புகார் கொடுக்கலாம்?

பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியாகவும், செய்தவர் அந்தப் பிரிவுகளைச் சேராதவராகவும் இருக்க வேண்டும். பிறர் பார்க்கும்படி, கேட்கும்படி சாதியைச் சொல்லித் திட்டுவது, இழிவுபடுத்துவது குற்றம். கல்வி நிலையத்துக்குள் நுழையவிடாமல் தடுப்பதும் குற்றம். நாலு சுவருக்குள் இரண்டு பேர் மட்டும் இருந்தபோது பேசியது இதில் நிற்பது கடினம். அதனால் யார் யார் அப்போது இருந்தார்கள் என்பதை முதலில் எழுதுங்கள்.

முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய முன்விசாரணை தேவையில்லை என்று 2018 திருத்தம் சொல்கிறது. விசாரிப்பவர் டி.எஸ்.பி.க்குக் குறையக் கூடாது. கடமையைச் செய்யாத அரசு ஊழியர் மேலும் வழக்கு உண்டு. ஸ்டேஷனில் "பேசி முடிச்சுக்கங்க" என்பார்கள். பேசி முடிப்பதா வேண்டாமா என்பதை நீங்கள் சொல்ல வேண்டும், அவர்கள் சொல்லக் கூடாது. உதவி எண் 14566.

பள்ளி மேலாண்மைக் குழுவில் எங்களைச் சேர்ப்பதே இல்லை.

அரசுப் பள்ளியில் குழுவின் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு அவர்கள் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் கொடுக்க வேண்டும், இது பிரிவு 21. பள்ளியில் பாதிப் பிள்ளைகள் காலனிப் பிள்ளைகள் என்றால், குழுவில் ஒரே ஒருவரைக் கையெழுத்துக்கு வைப்பது சட்டப்படி சரியில்லை. தேர்தல் நாளில் வேலைக்குப் போகாமல் நாலைந்து பேராகப் போங்கள். ஒரு நாள் கூலி போகும், தெரியும். எங்கள் பக்கத்து ஊரில் ஆறு அம்மாக்கள் அப்படிப் போனார்கள். இப்போது அந்தப் பள்ளியில் குடிதண்ணீருக்குக் குழாய் வைத்துவிட்டார்கள். யார் குடத்தைத் தொடுவது என்ற பேச்சே இல்லை.

புகார் கொடுத்தால் பிள்ளையைப் பழிவாங்க மாட்டார்களா?

சில இடங்களில் செய்வார்கள். பயம் வேண்டாம் என்று உங்களிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் பிள்ளை உங்களுடையது. செய்முறைத் தேர்வு மதிப்பெண் பள்ளியின் கையில் இருக்கிறது. அதனால் தனியாகப் போகாதீர்கள், குறைந்தது மூன்று பெற்றோர் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். முதலில் தலைமையாசிரியர், ஒரு வாரத்தில் பதில் இல்லை என்றால் மாவட்டக் கல்வி அலுவலர், அப்புறம் திங்கட்கிழமை சிவகங்கை ஆட்சியர் அலுவலகத்துக் குறைதீர் நாள். 14417 கல்வித்துறையின் உதவி எண், 1098 குழந்தைகளுக்கானது. இரண்டுக்கும் பிள்ளையே பேசலாம்.

மனுவில் என்ன எழுத வேண்டும்?

அரைப் பக்கம் போதும். என்ன நடந்தது, எந்தத் தேதி, எந்த வகுப்பு, யார் இருந்தார்கள், என்ன வேண்டும். கோபத்தை எழுதாதீர்கள், சொன்ன வார்த்தையைச் சொன்னபடி எழுதுங்கள். "அவமானப்படுத்தினார்" என்பதைவிட "எஸ்.சி. பிள்ளைகள் எந்திரிங்க என்றார்" என்பது அதிகாரியை நிமிர்ந்து உட்கார வைக்கும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்றைக்கே தபாலாபீசில் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வாங்குங்கள். அந்த ரசீதைப் பிள்ளையின் பையில் வைக்க வேண்டாம். ரேஷன் கார்டு இருக்கும் பையில், அதன் கூடவே வையுங்கள்.